பழைய ஐகான் 1.6-க்கு காயில் வாங்கப் போறீங்களா? பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறங்க

போன வாரம் வீடியோவில் "பழைய காரு, புது செலவு"ன்னு பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி, "ப்ரோ, காயில் போச்சுன்னு மெக்கானிக் சொல்றாரு, எதை வாங்கணும்?" அதுக்கு என் நண்பன் ஒருத்தன் பட்ட பாட்டைச் சொன்னாலே பாதி பதில் வந்துடும்.

அவனுக்கு ஊர் பத்மநாபபுரம். அரண்மனைக்குப் பக்கத்துல, கோட்டைச் சுவருக்கு உள்ளேயே வீடு. வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல. திங்கட்கிழமை விடிகாலை கிளம்புவான், வெள்ளி ராத்திரி திரும்புவான். ரெண்டு வருஷம் இரணியல் ஸ்டேஷன்ல ரயில் பிடிச்சு அலுத்துப்போய், முதல் போனஸ்ல 2003 மாடல் ஃபோர்டு ஐகான் 1.6 ஒன்னு வாங்கினான். ஐகான் ஸ்போர்ட்ஸ் காரான்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. 1999 கடைசியில, சென்னை மறைமலைநகர் ஃபேக்டரியில இருந்து வந்த அந்த 1,597 சிசி ராக்கம் இன்ஜினை ஓட்டினவங்களுக்குத் தெரியும். நம்ம ரோட்டுல நடுத்தரக் குடும்பத்துக்குக் கிடைச்ச ஸ்போர்ட்ஸ் கார் அதுதான்.

ஜூன் மழையில மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிச்சது. ஆக்சிலேட்டர் மிதிச்சா முக்குது, முனகுது, ஏற மாட்டேங்குது. அடுத்த மூணு வாரத்துல அவன் செலவு பண்ணினது இப்படி: பிளக்கும் பிளக் வயரும் 3,200. அதுல சரியாகலைன்னு பெட்ரோல் பம்பு 5,800. அப்புறம் ஆன்லைன்ல ஒரு காயில் 1,900. கூலியும் ரெண்டு தடவை கட்டி இழுத்ததும் சேர்த்து 2,600. கூட்டினா 13,500 ரூபாய். வண்டி அப்பவும் மிஸ்ஸிங்.

பிளக்கும் வயரும் எப்படியும் மாத்த வேண்டிய வயசு, அதை நட்டத்துல சேர்க்க மாட்டேன். பம்பும் அந்த ஆன்லைன் காயிலும் மட்டும் 7,700 ரூபாய். இது காயிலோட விலை இல்ல, காயிலைப் பத்தித் தெரியாததோட விலை.

முதல்ல, போனது காயில்தானா?

காயில்ங்கிறது ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே தடிச்ச கம்பியில கொஞ்சம் சுற்று, அதுக்கு மேல தலைமுடி மாதிரி மெல்லிசான கம்பியில அதைவிடப் பல மடங்கு சுற்று. பேட்டரியோட 12 வோல்ட் தடிச்ச கம்பியில ஓடிட்டிருக்கும்போது டக்குனு அறுத்துவிட்டா, மெல்லிசு கம்பியில ஆயிரக்கணக்குல, பல சமயம் 20,000 வோல்ட்டுக்கும் மேல எகிறும். அதுதான் பிளக்ல பொறியா தாவுது.

ஐகான் 1.6-ல டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. நாலு வயர் கிளம்புற ஒரே கறுப்புப் பெட்டிதான் காயில் பேக். அதுக்குள்ளே ரெண்டு காயில் இருக்கு. ஒன்னு 1-ஆம், 4-ஆம் சிலிண்டருக்கு. இன்னொன்னு 2, 3-க்கு. ஒரு காயில் பொறி விட்டா ரெண்டு சிலிண்டர்லயும் ஒரே நேரத்துல விழும். ஒன்னுல வேலை நடக்கும், இன்னொன்னுல அந்த நேரம் புகை வெளியேறிட்டிருக்கும், பொறி சும்மா போகும்.

இது தெரிஞ்சாலே ஒரு பைசா செலவில்லாம பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம். ஜோடியா ரெண்டு சிலிண்டர், அதாவது 1-ம் 4-ம், இல்லைன்னா 2-ம் 3-ம் சேர்ந்து செத்திருந்தா காயில் மேல சந்தேகப்படுங்க. ஒரே ஒரு சிலிண்டர்தான் வேலை செய்யலைன்னா முதல்ல அந்த வயர், அந்த பிளக், அப்புறம் இன்ஜெக்டர். அந்த வயரையும் பிளக்கையும் வேற சிலிண்டருக்கு மாத்திப் போட்டுப் பாருங்க. நோய் கூடவே போனா அது வயர் நோய், இல்லை பிளக் நோய். அங்கேயே நின்னுதுன்னா, காயில் பேக்ல அந்த ஒரு கொம்பு மட்டும் விரிசல் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ராத்திரி லைட்டை அணைச்சு பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டா, விரிசல் வழியா நீலப் பொறி கசியுறது கண்ணுக்கே தெரியும். நம்ம மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் கொட்டுதே, மழைநாள்ல மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிற வண்டிக்குப் பெரும்பாலும் இதுதான் கதை. பார்க்கிறதோட நிறுத்துங்க, ஓடுற இன்ஜின்ல வயரைத் தொட்டுப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

ஸ்கேனர் மாட்டி P0301, P0302ன்னு கோடு வந்தா எந்த சிலிண்டர்னு அதுவே சொல்லிடும். ஆனா நம்ம நாட்டுல ஓ.பி.டி. கட்டாயமானது 2010-ல பி.எஸ்.4 வந்தப்போதான். அதுக்கு முந்தின வண்டிகள் கிட்ட 800 ரூபாய் புளூடூத் ஸ்கேனர் வாயே திறக்காம இருக்கலாம். ஸ்கேனர்ல தப்பில்ல, வண்டிக்கு வயசு அப்படி.

"இக்கான் ஆல் மாடல்"ங்கிற பொறி

என் நண்பன் ஆன்லைன்ல வாங்கின காயில் பெட்டியில "ஐகான் ஆல் மாடல்"னு போட்டிருந்தது. அங்கேயே முழிச்சிருக்கணும். ஐகான்ங்கிற ஒரே பேர்ல 1.3 எண்டூரா, 1.6 ராக்கம், அப்புறமா வந்த 1.3 ராக்கம்னு வேற வேற பெட்ரோல் இன்ஜின் வந்திருக்கு. போதாக்குறைக்கு 1.8 டீசல் வேற. டீசலுக்குப் பொறியே கிடையாது. "ஆல் மாடல்"னா டீசலுக்கும் சேர்த்தா விக்கிறீங்க?

போல்ட் ஓட்டை சரியா உட்கார்ந்தது, கப்ளரும் மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணினா டப் டப்னு பட்டாசு. ஏன்னா புதுசுல நாலு கொம்போட எண் வரிசை பழசு மாதிரி இல்ல. பையன் எண்ணைப் பார்க்காம, இருந்த இடத்தைப் பார்த்து வயரை மாட்டிட்டான். எண்ணைப் பார்த்து மாத்தினதும் அழகா ஓடுச்சு, சரியா இருபது நிமிஷம். இன்ஜின் சூடானதும் பழைய குருடி கதவைத் திறடி. திருப்பி அனுப்பலாம்னா, எலெக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். வாங்குறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருந்தது.

தக்கலையில கடை வெச்சிருக்கிற ஒரு பெரிய அண்ணாச்சி அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு சொன்னாராம்: "மக்கா, சாதனத்துல நம்பரே இல்லியே. நம்பர் இல்லாத சாதனத்துக்கு அப்பன் யாருன்னு எப்பிடிடே கண்டுபிடிப்ப? ஒனக்க பழைய காயிலைக் கழட்டிக் கொண்டா."

அந்த நம்பர்தான் விஷயம். பழைய காயிலைக் கழட்டுறதுக்கு முன்னாடி வயர்ல எல்லாம் டேப் ஒட்டி 1, 2, 3, 4ன்னு எழுதி ஒரு ஃபோட்டோ. கழட்டினதும் மண்ணெண்ணெய் துணியால துடைச்சா முதுகுல மூணு துண்டா ஒரு எண் தெரியும். ஃபோர்டு பழக்கப்படி நடுத்துண்டு 12029ன்னு இருந்தா "இது இக்னிஷன் காயில்"னு அர்த்தம். முன்துண்டு எந்த வருஷ டிசைன், எந்த வண்டிக் குடும்பம்னு சொல்லும். கடைசி எழுத்துகள் எத்தனையாவது திருத்தம்ங்கிறது. முன்னும் நடுவும் ஒத்து, கடைசி எழுத்து மட்டும் அடுத்ததா மாறியிருந்தா பொதுவா அது திருத்தின புதுப் பதிப்பு, பயப்பட வேண்டாம். முன்துண்டே வேறன்னா, கேட்காம காசைக் கொடுக்காதீங்க.

அவன் அந்த எண்ணோட ஃபோட்டோவையும் ஆர்.சி.யில இருக்கிற சேஸிஸ் நம்பரையும் நாகர்கோவில்லயும் திருவனந்தபுரத்துலயும் நாலு பார்ட்ஸ் கவுண்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினான். ரெண்டு பேர் பதிலே போடலை. ஒருத்தர் "இருக்கு, வாங்க"ன்னாரு, எண்ணைச் சொல்லச் சொன்னா வேற எண். நாலாவது ஆள் சேஸிஸ் நம்பரைத் தட்டிப் பார்த்து, அந்த எண்ணுக்குப் பதிலா இப்ப வர்ற எண் எதுன்னு சொல்லி, ஆர்டர் போட்டு ஒரு வாரத்துல வரவழைச்சுக் கொடுத்தாரு. 3,400 ரூபாய். ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறோம்னு அறிவிச்சாலும், சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும்னுதான் சொன்னாங்க. அதனால "ஃபோர்டு போயாச்சு, இனி எதுவும் கிடைக்காது"ன்னு யாராவது பயமுறுத்தி லோக்கல் சாமானைத் தலையில கட்டினா உடனே நம்பிடாதீங்க.

புதுப்பேட்டைக்குப் போய் கழிச்ச வண்டியில இருந்து எடுக்கலாமான்னு கேட்பீங்க. கண்ணாடி, பம்பர், கதவுக் கைப்பிடின்னா தாராளமா. காயில்னா எனக்கு மனசில்ல. அதுக்கும் உங்க காயிலுக்கும் ஒரே வயசு, ஒரே சூட்டுல வெந்தது.

மல்டிமீட்டர்: 300 ரூபாய் இன்சூரன்ஸ்

புதுசோ பழசோ, காயிலை மீட்டர் வெச்சு அளந்துட்டு காசைக் கொடுங்க. இந்த வகை காயில் பேக்ல கப்ளர் பக்கம், அதாவது பிரைமரி, அரை ஓம் சுமாருக்கு இருக்கும். ஜோடிக் கொம்பு ரெண்டுக்கும் நடுவுல, செகண்டரி, பத்தாயிரம் ஓமுக்கு மேல வரும். உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கிற எண்தான் கடைசித் தீர்ப்பு. 1-4 ஜோடியும் 2-3 ஜோடியும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். ஒன்னு ஒரு மாதிரி, இன்னொன்னு வேற மாதிரின்னா அதை வெச்சிட்டு வந்துடுங்க. குளிர்ந்திருக்கும்போது சரியா காட்டி, சூட்டுல சாகுற காயிலும் உண்டு. நம்ம ஆள் வாங்கினது அந்த ரகம். அதனால மாட்டின அன்னிக்கே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துட்டுதான் கடைக்காரருக்கு நன்றி சொல்லணும்.

இன்னும் பழைய வண்டி வெச்சிருக்கிறவங்க, பிரீமியர் பத்மினி, மெட்ராஸ்லயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு (இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் அதே இன்ஜின் குடும்பம்தான்), உங்களுக்கு இந்த ஓம் கணக்கு உயிர் மாதிரி. உங்களோடது டப்பா மாதிரி உருளைக் காயில், அதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒன்னு சுமார் 3 ஓம், நேரா 12 வோல்ட்ல ஓடுறது. 12-ஐ 3-ஆல வகுத்தா 4 ஆம்பியர், பாயிண்ட் தாங்கும். இன்னொன்னு 1.5 ஓம், வழியில பலாஸ்ட்னு ஒரு ரெசிஸ்டர் இருக்கிற வண்டிக்கு. இதைப் பலாஸ்ட் இல்லாத வண்டியில மாட்டினா 8 ஆம்பியர், பாயிண்ட் கருகும், காயில் தொட முடியாத சூடு ஏறும். 3 ஓம் காயிலைப் பலாஸ்ட் உள்ள வண்டியில போட்டா எதுவும் எரியாது, பொறிதான் சோகையா இருக்கும். "பவர் கூடும்"னு யாராவது அந்த அரை ஓம் ரகத்தைப் பாயிண்ட் வண்டிக்குக் கொடுத்தா, 12-ஐ அரையால வகுத்துப் பாருங்க, 24 ஆம்பியர். புது வண்டியில கம்ப்யூட்டர் கரண்டை மில்லிசெகண்ட் கணக்குல விட்டு நிறுத்துறதால அது தப்பிக்குது. உங்க பாயிண்டுக்கு அந்த மூளை இல்ல.

ரெண்டு ஜாதியும் வெளியில இருந்து பார்த்தா அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும்.

இப்போ சம்பளக் கணக்கு

மிஸ்ஸிங்கோட ஓட்டிக்கலாம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு தள்ளாதீங்க. எரியாத பெட்ரோல் நேரா சைலன்சர்ல இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அது போச்சுன்னா காயில் மாதிரிப் பல காயில் வாங்குற காசு. இன்சூரன்ஸ்ல கேட்கலாமேன்னா, சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுனும் கிடையாது.

அவன் அந்த 13,500-ல பெரும்பங்கை கிரெடிட் கார்டுல தேய்ச்சான். பாக்கி வெச்சா மாசம் 3.5 சதவீதம்னு வட்டி போடுற கார்டுல வருஷத்துக்கு 42 சதவீதம். பழைய வண்டிக்குக் கார்டு வேண்டாம். மாசம் 1,500 தனி ஆர்.டி.யில போட்டா வருஷத்துக்கு 18,000. காயில், கிளட்ச் கேபிள், பேட்டரி எல்லாம் அதுக்குள்ள அடங்கும். எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்காதீங்க, அது ஆஸ்பத்திரிக்கும் வேலை போற அன்னிக்கும். கூடவே ஒன்னு: 20 வருஷம் தாண்டின காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிற கட்டணம் 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாய் ஆயிடுச்சு, அதுக்கு முன்னாடி 5,000. 2003 ஐகானுக்கு அடுத்த புதுப்பிப்பு இந்தக் கணக்குலதான் வரும், ஆர்.டி.யில அதையும் சேர்த்துக்கோங்க. ஒரு நல்ல சேதி, 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் ஸ்பேர் பார்ட்ஸுக்கு எல்லாம் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். இன்னும் 28 போட்டு பில் கொடுத்தா கேளுங்க. பில்லே இல்லாம கொடுத்தா வாரண்டியும் இல்ல.

புது காயில் மாட்டி நாலு மாசம் ஆச்சு. திங்கட்கிழமை காலை அஞ்சு மணிக்கு கோட்டை வாசல்ல அந்த ஐகான் உறுமுற சத்தத்துல அவங்க அம்மாவுக்கு இன்னும் எரிச்சல்தான், "ரயில்லயே போயிருக்கலாம்லா"ன்னு. ரயில் பாஸ் இதுல எத்தனையில் ஒரு பங்குன்னு அவன்கிட்ட நான் கேட்கலை, அவனும் சொல்லலை. நம்பரே இல்லாத அந்த 1,900 ரூபாய் காயில் இப்போ என் மேஜை மேலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை வீடியோவில அதை அறுத்து உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கலாம். மீட்டர் வெச்சு அளக்கிறதும் அதுலேயே வரும்.