உங்களுக்குத் தெரியுமா? நெல்லூர் மாட்டுக்கு 35 கோடி!

வீராணம் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மாடு எவ்வளவுக்குப் போகும் என்று. லட்சத்தைத் தாண்டினாலே வாயைப் பிளப்பார். பிரேசிலில் 'வியாட்டினா-19' என்ற பசுவுக்கு 2023 ஏலத்தில் விழுந்த மதிப்பு ஏறக்குறைய 35 கோடி ரூபாய்! கின்னஸ் சாதனை! பூர்வீகம்? நம்ம பக்கத்து நெல்லூர், ஓங்கோல் சீமை!

அந்தப் பசுவின் எடை 1,100 கிலோ! அதே இனத்து மற்ற பசுக்களைப் போல இரண்டு மடங்கு!

இங்கிலாந்துக்குக் கிளம்பிய கப்பல் ஒன்று 1868-ல் வழியில் பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தில் நின்றது. அதிலிருந்த ஓங்கோல் ஜோடி அங்கேயே விலை போனது. அப்போது நெல்லூர் சென்னை மாகாணம்! அந்த நெல்லூரின் பெயரால்தான் பிரேசிலில் அந்த இனத்துக்கு இன்றும் 'நெலோரே' என்று பெயர்!

அடுத்த ஜோடி 1878-ல் போனது. எங்கிருந்து தெரியுமா? ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையிலிருந்து!

பிரேசிலில் ஆள் 20 கோடி. மாடு 23 கோடி! உலகிலேயே அதிகமாக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடும் அதுவே. அந்த மந்தையில் பெரும்பங்கு, இந்தியாவிலிருந்து போன திமில் மாட்டு வம்சம்!

நெலோரே மாட்டுக்கு மேலே வெள்ளை முடி, அடியில் கறுப்புத் தோல்! வெள்ளை வெயிலைத் திருப்பி அடிக்கும், கறுப்பு உடம்பைக் காக்கும். காய்ந்த புல்லே போதும். உண்ணியும் அவ்வளவு சுலபமாக அண்டாது!

அமெரிக்காவின் 'பிராமன்' மாட்டின் உடம்பிலும் நெல்லூர் ரத்தம்தான். கிர், காங்ரேஜ் மாடுகளும் கலந்த கலவை அது. அதற்கென்று 1924-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள்!

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் பிராமன் மாட்டைக் கலந்து புது இனம் உண்டாக்கினார்கள். வைத்த பெயர், 'வறட்சியை வென்றவன்' என்ற பொருளில் 'டிராட்மாஸ்டர்'!

நம்ம காங்கேயம் மாடு மட்டும் சளைத்ததா? மழை பொய்க்கும் கொங்குச் சீமையில், முள்வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லைக் கடித்தே காளையாக நிமிர்கிறது!

கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் உம்பளச்சேரி மாடு. கன்று பிறக்கும்போது செந்நிறம், வளர வளரச் சாம்பல் நிறம்! நெற்றியில் வெள்ளை நட்சத்திரம்!

கடலோரத்து உப்பு அருகுதான் அதற்கு மேய்ச்சல். முழங்கால் சேற்றிலும் ஏர் இழுக்கும். வண்டியில் பூட்டினால் 2,200 கிலோ பாரத்தோடு 7 மணி நேரத்தில் கடக்கும் தூரம் 20 கிலோமீட்டர்!