பழைய சலவை யந்திரத்தைப் பிரித்துப் புதுப்பித்தல்

பழம்பொருள் ஒன்றைப் புதுப்பித்தல் என்றவுடன், அதன் துருவைப் போக்கி, வர்ணம் பூசி, மெருகேற்றிக் காண்போர் வியக்கும்படி வைப்பதே என்று பலர் கருதுவர். மேசைக்கும் நாற்காலிக்கும் இக்கருத்து ஒருவாறு பொருந்தலாம். நீரும் மின்சாரமும் ஒருங்கு கூடித் தொழில் செய்யும் யந்திரத்திற்கோ இது சிறிதும் பொருந்தாது. அங்கே கண்ணுக்குப் புலப்படும் பாகங்களைப் பிற்படவும், புலப்படாத பாகங்களை முற்படவும் கவனித்தல் வேண்டும். இவ்வுண்மையை, அமெரிக்க நாட்டில் பெருவழக்காயிருந்த பிழி உருளைச் சலவை யந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நாட்டின் அயோவா மாகாணத்தில் நியூட்டன் என்றோர் ஊர் உளது. அங்கே பிரெடரிக் மேடாக் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் 1893ஆம் ஆண்டில், கதிரடிக்கும் யந்திரங்களுக்கு வேண்டிய துணைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினர். உழவுக் கருவிகள் விலைபோகாத மாதங்களிலும் தொழிலாளர்க்கு வேலை இருத்தல் வேண்டுமென்று 1907இல் சலவை யந்திரம் செய்யத் தலைப்பட்டனர். 1922இல் ‘ஜைராபோம்’ என்னும் யந்திரம் வெளிவந்தது. அதற்கு முந்திய யந்திரங்கள் பலவற்றில் துணியை அலைக்கும் உறுப்பு மூடியினின்று தொங்கியது. இதிலோ அது தொட்டியின் அடித்தளத்தில் அமைக்கப்பட்டது. துணியை இழுத்துத் தேய்ப்பதினும், சவுக்கார நீரைத் துணியினூடே செலுத்தி அழுக்கைப் போக்குவதே சிறந்ததென்று இதனால் புலனாயிற்று.

மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளின் பொருட்டு, காலால் மிதித்துத் தொடங்கும் சிறிய பெட்ரோல் எஞ்சின் பொருத்திய யந்திரங்களும் செய்யப்பட்டன. 1930களின் நடுவில் அந்நாட்டுப் பண்ணைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றே மின்சாரம் பெற்றிருந்தது என்பதை நோக்கின், இதன் அருமை விளங்கும். தானே நீரை மாற்றித் தானே பிழியும் புதிய யந்திரங்கள் பரவிய பின்னரும், பிழி உருளை யந்திரத்தை அக்கம்பெனி 1983 வரை செய்துவந்தது. 2006இல் அக்கம்பெனி வேர்ல்பூல் கம்பெனியின் வசமாயிற்று. 2007இல் நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயினும் அங்குச் செய்த பழைய யந்திரங்கள் இன்றும் ஆர்வலர் கைகளில் இயங்குகின்றன. திருகாணிகளைக் கழற்றிப் பிரிக்கவும், தேய்ந்த உறுப்பை மட்டும் மாற்றவும் தக்கவாறு அவை அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

இனி யந்திரத்தின் அமைப்பைக் காண்போம். நான்கு கால்களின்மேல் ஒரு தொட்டி, தொட்டியின் நடுவே எஃகுத் தண்டில் செருகிய துடுப்பு, தொட்டியின் கீழே எண்ணெய் நிறைந்த பற்சக்கரப் பெட்டி, அதனருகே மோட்டார். மோட்டார் ஒரே திசையில் சுழலும். துடுப்போ இடமும் வலமும் மாறிமாறி அசையும். ஒருதிசைச் சுழற்சியை இருதிசை அசைவாக மாற்றுவது பற்சக்கரப் பெட்டியின் தொழில். தொட்டியின் ஓரத்தே மேலெழும் மற்றொரு தண்டு, இரண்டு ரப்பர் உருளைகளைச் சுழற்றும். நனைந்த துணி அவற்றினிடையே புகுந்து பிழியப்பட்டு வெளிவரும்.

இத்தகைய யந்திரம் கைக்குக் கிடைத்தவுடன் பலர் செய்யும் முதற்காரியம், ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று மின்சாரத்தோடு இணைத்தலாகும். அதனை அறவே தவிர்த்தல் வேண்டும். பல்லாண்டு கிடந்த யந்திரத்தில் மின்கம்பியின் ரப்பர் உறை வறண்டு வெடித்திருக்கும். எலி கடித்திருத்தலும் உண்டு. பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பிசினாய் இறுகியிருக்கும். ஆதலின் இணைப்பை அகற்றிவிட்டு, மோட்டாரின் தண்டைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறை. கையால் சுழலாததை மின்சாரத்தால் சுழற்ற முயலின், மோட்டாரின் கம்பிச்சுற்று எரிந்துபோம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் படம் பிடித்தோ வரைந்தோ குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. கழற்றிய திருகாணிகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், உறுப்புத்தோறும் வெவ்வேறு பையிலிட்டுப் பெயர் எழுதி வைத்தல் நன்று. தண்டிலுள்ள மெல்லிய வட்டத்தகடுகள் எத்தனை, எவ்வரிசையில் இருந்தன என்பதும் குறிக்கத்தக்கது. அவற்றுள் ஒன்று விடுபடினும் பற்கள் சரிவரப் பொருந்தா.

பிரிக்குங்கால் பெரிதும் இடர் விளைப்பது துடுப்பேயாம். சவுக்காரக் கசடும் துருவும் சேர்ந்து அதனைத் தண்டோடு ஒட்டச்செய்துவிடும். சம்மட்டியால் அடித்தால் துடுப்பு பிளக்கும், தண்டும் வளையும். பௌதிக சாஸ்திரம் இங்கே துணைபுரிகின்றது. ஒரே அளவு வெப்பத்திற்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். ஆகவே தொட்டியில் வெந்நீர் நிரப்பிச் சிறிது நேரம் விட்டு வைத்தால், அலுமினியத் துடுப்பு எஃகுத் தண்டினின்று சற்றே நெகிழும். பின்னர், துடுப்பின் அடியில் கயிற்றைச் சுற்றி இருபுறமும் ஒப்ப மேல்நோக்கி இழுத்தால் அது எழும்பி வரும். ஒரு நாளில் வாராவிடில், துருவை இளக்கும் எண்ணெயிட்டு மறுநாளும் முயலல் வேண்டும். இத்தொழிலில் வலிமையினும் பொறுமையே பெரிது.

துப்புரவு செய்வதில் ரசாயன அறிவு வேண்டும். அழுக்கு நீங்கும் என்று எண்ணி அலுமினியத் தொட்டியில் காஸ்டிக் சோடாவை இடுவோர் உளர். அது அலுமினியத்தையே அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளிப்படுத்தும். மென்மையான சவுக்காரமும், சுண்ணப்படிவைக் கரைக்கச் சிறிது வினிகரும் போதும். கால்களிலும் வெளிப்புறத்திலும் பூசிய பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வீட்டு வர்ணத்தில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்க அரசாங்கம் 1978இல்தான் தடுத்தது. ஆதலின் அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கலாகாது. அத்தூள், சிறப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சாகும்.

பற்சக்கரப் பெட்டியைத் திறந்தவுடன் எண்ணெயின் நிறத்தை நோக்குக. பால்போல் வெளுத்திருப்பின், தண்டைச் சுற்றியுள்ள நீர்த்தடை வளையம் தேய்ந்து, தொட்டி நீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்பது தெளிவு. எண்ணெயை மட்டும் மாற்றி வளையத்தை விட்டுவிடுவது, ஓட்டைக் கூரையின் கீழ் தரையைத் துடைப்பதை ஒக்கும். வளையத்தை மாற்றி, பற்களைக் கழுவித் துடைத்து, அவ்வகை யந்திரத்திற்கு விதித்த எண்ணெயையே விதித்த அளவு விடவேண்டும்.

மோட்டாரைப் பற்றி இன்னும் விழிப்பு வேண்டும. அது சுழலாது முனகிக்கொண்டே நின்றால், தொடக்கச் சுற்றை இணைத்தும் விலக்கியும் தொழில் செய்யும் உள்சுவிட்சின் முனைகள் கரிந்திருத்தல் பெரும்பாலும் காரணமாயிருக்கும். கம்பிச்சுற்றுக்கும் இரும்புக் கூட்டிற்கும் இடையேயுள்ள மின்காப்பைக் கருவியால் அளத்தல் வேண்டும். அது ஒரு மெகோமுக்குக் குறைந்தால் அம்மோட்டாரை நம்பலாகாது. பழைய கம்பியை முற்றும் நீக்கிப் புதியதை இடுக. பழைய யந்திரங்களில் எர்த்துக் கம்பி இருப்பதில்லை. உலோகக் கூட்டோடு அதனைச் சேர்த்து இணைத்தல் கட்டாயம். ஈரக்கையோடு உலோகத் தொட்டியைத் தொடுவோர் உயிர் அவ்வொரு கம்பியைப் பொறுத்தது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்க மோட்டார் ஏறத்தாழ 115 வோல்ட்டு அழுத்தத்திற்கும், விநாடிக்கு 60 சுழற்சிக்கும் அமைந்தது. 230 வோல்ட்டு வழங்கும் நாட்டில் நேரே இணைத்தால் எரிந்துவிடும். டிரான்ஸ்பார்மர் வைத்து அழுத்தத்தைக் குறைத்தாலும், 50 சுழற்சியில் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் மிகக்கூடும்.

இறுதியாக, பிழி உருளைகள். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் புதிய ரப்பர் ஏற்றிக்கொள்ளலாம். உருளைகளை அழுத்தத்தோடு நெடுநாள் விட்டுவைத்தால் ஒருபுறம் தட்டையாகும். வேலை முடிந்ததும் அழுத்தத்தைத் தளர்த்தி வைப்பது நல்வழக்கம். ஆனால் உருளையினும் முக்கியமானது அதன் விடுவிப்புப் பிடியாகும். ஓடும் உருளையில் துணியோடு விரல் புகுந்தால், கை முழங்கைவரை இழுபட்டுத் தசையும் நரம்பும் நசுங்கும். சிறுவர் பலர் இவ்வாறு துன்புற்றனர். ‘பிழி உருளைக் கை’ என்று தனிப்பெயர் இட்டு மருத்துவர் எழுதும் அளவிற்கு இக்காயம் அந்நாளில் மலிந்திருந்தது. ஆகவே அப்பிடியைத் தட்டிய கணமே மேலுருளை தளர்ந்து விடுகிறதா என்று, கையை வையாது, பழந்துணிச் சுருள் ஒன்றை விட்டுப் பலமுறை சோதித்தல் வேண்டும். அது தவறாமல் தொழிற்படும் வரையில் உருளைகளை ஓட்டுதல் ஆகாது. செம்மையாக இருந்தாலும், சிறுவரை அதனருகே விடுதல் தகாது.

இவையெல்லாம் முடிந்தபின் யந்திரத்தைப் பூட்டி, முதலில் நீர் மட்டும் நிரப்பி ஒழுகலைப் பார்க்க. பின்னர் நீரின்றிச் சிறிது நேரம் ஓட்டி ஒலியைக் கேட்க. அதன்பின் நீரோடு ஓட்டுக. துணி கடைசியில் இடத்தக்கது. வர்ணமும் மெருகும் இதற்குப் பின்னரே.

வகுப்பறையில் உலோகங்களின் விரிவையும், காரத்தின் இயல்பையும், மின்காப்பின் அளவையும் தனித்தனிப் பாடங்களாகக் கற்கிறோம். இப்பழைய தொட்டியின் அடியில் அவை மூன்றும் ஒன்றுகூடுகின்றன. மெருகு பார்ப்போர் கண்ணுக்கு இன்பம் தரும். வளையமும் கம்பியும் விடுவிப்புப் பிடியுமோ, அந்த யந்திரத்தில் கைவைப்போரைக் காக்கும். மாணாக்கர் எவரேனும் இத்தொழிலில் புகுவாராயின், பார்ப்போரை மகிழ்விக்கும் முன் கைவைப்போரைக் காத்தலே தம் முதற்கடன் எனக் கொள்வாராக.