ஒரே பெயரில் எத்தனை 'சாரங்கதரா'? படத் தலைப்பு யாருக்குச் சொந்தம்?

'சாரங்கதரா' எந்த வருஷத்துப் படம்? இதற்கு ஒரே பதில் கிடையாது. 1935-ல் தமிழில் வந்தது, 1937-ல் தெலுங்கில் வந்தது. மறுபடி 1957-ல் என்.டி.ஆர் நடித்துத் தெலுங்கிலும், 1958-ல் சிவாஜி நடித்துத் தமிழிலும் வந்தது. இந்த இரண்டிலும் பானுமதி இருப்பார். நடுவில் 1936-ல் எம்.கே.தியாகராஜ பாகவதர் படம். முந்தைய படத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அதற்கு 'நவீன சாரங்கதரா' எனப் பெயர் வைத்தார்கள்.

சித்தூருக்கு இதில் என்ன வேலை?

சினிமாவுக்கு முன்பே 'சாரங்கதரா' மேடை நாடகம். தெலுங்கில் தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சார்லு எழுதினார், தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் எழுதினார். சித்தூர் ராமவிலாச சபாவின் 'சாரங்கதரா'வில் சித்ராங்கி என்ற பெண் வேடம் போட்டுப் பேர் வாங்கியவர் நாகையா. பிறந்த ஊர் ரேபல்லே. ஆனால் நாம் அவரை 'சித்தூர் வி.நாகையா' என்றுதானே சொல்கிறோம்?

அவர் இயக்கி, நடித்து, இசையும் அமைத்த 'தியாகய்யா' 1946-ல் வந்தது. அதே தலைப்பில் 1981-ல் பாபு ஒரு படம் எடுத்தார்.

திருப்பதி கதை இன்னும் சுவாரஸ்யம். 'ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்மியம்' படத்தை 1939-ல் எடுத்த பி.புல்லையாவே, 1960-ல் அதை மறுபடி எடுத்தார். முதல் படத்தில் பத்மாவதியாக நடித்த சாந்தகுமாரி, இரண்டாவதில் பெருமாளின் வளர்ப்புத் தாய் வகுளாதேவி!

ஏன் இப்படி? புராணமும் பக்தர் வரலாறும் பொதுச் சொத்து. ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர் என்றால் பாதி விளம்பரம் முடிந்த மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. 'தேசி பாய்ஸ்' இந்திப் பட வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கதை, வசனம், பாடல் எல்லாம் 'படைப்பு'. தலைப்பு மட்டும் தனியாக ஒரு படைப்பு ஆகாது.

அப்போ யார் வேண்டுமானாலும் எதையும் வைக்கலாமா? அப்படியும் இல்லை. ஒரு பெயரைக் கேட்டதும் ஒரே ஒரு படம்தான் நினைவுக்கு வரும் என்றால், வர்த்தக முத்திரைச் சட்டம் உதவும். 'ஷோலே' பெயரை இணையதளத்துக்குப் பயன்படுத்தியவர்களுக்கு எதிராக 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் 25 லட்சம் ரூபாய் தர வேண்டியிருந்தது.

சரி, சங்கத்தில் 'டைட்டில் பதிவு' செய்கிறார்களே?

அது உறுப்பினர்களுக்குள் ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். வெளியாட்களைக் கட்டுப்படுத்தாது. தமிழுக்கும் தெலுங்குக்கும் தனித்தனிச் சங்கங்கள், தனித்தனிப் பதிவேடுகள். எல்லாப் படமும் நான்கு மொழிகளில் வரும் காலத்தில் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2025 ஜனவரியில் நடந்தது ஞாபகம் இருக்கா? சிவகார்த்திகேயன் நடிக்க, சுதா கொங்கரா இயக்கும் படத்துக்கு 'பராசக்தி' என்று அறிவிப்பு வந்தது. அதே சமயம் விஜய் ஆண்டனியின் 'சக்தித் திருமகன்' தெலுங்குப் பதிப்புக்கும் அதே பெயர். சித்தூர், திருப்பதி மாதிரி இரண்டு மொழிப் படமும் ஓடும் ஊரில், இரண்டு 'பராசக்தி' போஸ்டர் ஒட்டினால் என்ன ஆகும்? கடைசியில் விஜய் ஆண்டனி படம் தெலுங்கில் 'பத்ரகாளி' ஆனது. இத்தனைக்கும் 1952 'பராசக்தி'யே பாவலர் பாலசுந்தரத்தின் அதே பெயர் நாடகத்திலிருந்து வந்ததுதான்.

உங்களுக்கு என்ன?

குறும்படமோ, பாட்காஸ்ட்டோ, ஆல்பமோ ஆரம்பிக்கப் போகிறீர்களா? முதலில் பக்கத்து மொழியிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். வர்த்தக முத்திரைப் பதிவேட்டையும் ஒரு தடவை பாருங்கள். போஸ்டர் அடித்த பிறகு பெயரை மாற்றுவது காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

பழைய படத்தைப் பற்றி எழுதும்போதும் பகிரும்போதும் தலைப்போடு வருஷம், மொழி, இயக்குநர் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'தியாகய்யா' என்று மட்டும் போட்டால், எது நாகையாவின் உழைப்பு, எது பாபுவின் உழைப்பு என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போய்விடும்.