ஐப்பசி மழைக்கு முன்னே: ஃப்ளூ தடுப்பூசியும் முகக்கவசமும்

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வியைப் பலரும் கேட்கின்றனர். "கொரோனாவுக்கு மூணு ஊசியும் போட்டாச்சுங்க. மறுபடியும் எதுக்குங்க ஊசி?" கேள்வி நியாயமானதே. 2021 ஜனவரி 16 அன்று நம் நாட்டில் கோவிட் தடுப்பூசி தொடங்கியது. 2022 ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கைத் தவணை வந்தது. அவ்வாண்டு ஜூலை 15 முதல் 75 நாட்கள் பதினெட்டு வயது நிறைந்த அனைவருக்கும் அரசு அதனை இலவசமாக வழங்கியது. அந்த மூன்றாம் ஊசியைத்தான் பெரும்பாலோர் 'பூஸ்டர்' என நினைவில் வைத்துள்ளனர். ஆனால் மழைக்காலத்தில் நாங்கள் பரிந்துரைப்பது இன்ஃப்ளூயன்சா எனும் ஃப்ளூ காய்ச்சலுக்கான ஊசி. இரண்டும் வெவ்வேறு வைரஸ்கள். ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. கோவிட்டுக்கு இனியும் ஒரு தவணை தேவையா என்பது ஒவ்வொருவரின் உடல்நிலையைப் பொறுத்தது. அதனைத் தங்கள் மருத்துவரிடம் தனியே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் ஏன் போட வேண்டும்? அவ்வைரஸ் தன் மேலுறையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட கோளத்துக்கும் செப்டம்பரில் தென் கோளத்துக்கும், எந்த வகைகளை ஊசியில் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கிறது. இதனோடு, சென்ற ஆண்டு ஊசியால் பெற்ற எதிர்ப்பாற்றலும் மாதங்கள் செல்லச் செல்லத் தேய்கிறது. முன்பு நான்கு வகைகளுக்கு எதிராக இருந்த ஊசி இப்போது மூன்று வகை என்று அச்சிட்ட பெட்டியில் வருவதைக் கண்டு, தரம் குறைந்துவிட்டதோ எனச் சிலர் ஐயுறுகின்றனர். அவ்வாறன்று. 'பி யமகாட்டா' என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பின் உலகில் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. ஆகவே அது நீக்கப்பட்டது.

எப்போது போடுவது என்பதில்தான் நம் பகுதியினர் பெரிதும் தவறவிடுகின்றனர். குளிர்காலத்தில் ஃப்ளூ வரும் என்ற எண்ணம் மேலை நாடுகளுக்கும் காஷ்மீருக்கும் பொருந்தும். நம் நாட்டின் பல நகரங்களில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை ஓங்குகிறது. சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பில், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே ஃப்ளூ மிகுந்திருந்தது. அவிநாசிபாளையம் வட்டாரத்துக்கும் ஐப்பசி மழைதான் பெருமழை. ஊசி முழுப்பலன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே ஆவணியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ போட்டுக்கொள்வது நலம். போனஸ் கையில் வந்தபின் பார்க்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இரவு பகலாக வேலை நடக்கிறது. பின்னர் கூட்டம் நிறைந்த பேருந்தில் ஊருக்குச் செல்கின்றனர். அங்கே காத்திருப்போர் எழுபதைக் கடந்த பெற்றோர். தொழிற்கூடத்தில் இளைஞருக்கு மூன்று நாள் காய்ச்சலாக முடிவது, அவ்வீட்டில் நிமோனியாவாக மாறக்கூடும்.

"போன வருசம் ஊசி போட்டும் காய்ச்சல் வந்துச்சுங்க" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் அனுபவம். அது பொய்யன்று. மழைக்காலத்தில் காய்ச்சல் தரும் கிருமிகள் பல. இந்த ஊசி அவற்றுள் ஃப்ளூவை மட்டுமே எதிர்க்கிறது, அதையும் முற்றிலும் தடுப்பதில்லை. நோய் கடுமையாகி மருத்துவமனையில் சேரும் நிலையைக் குறைப்பதே அதன் முதன்மையான பயன். மாரடைப்பு கண்டோர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். வங்கதேசம் உள்ளிட்ட எட்டு நாடுகளில் ஏறத்தாழ 2,500 இதய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தோர், ஊசி பெறாத பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவர், பெற்ற பிரிவில் ஏறக்குறைய மூவர். சர்க்கரை நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உடையோர், கருவுற்ற தாய்மார், அறுபதைக் கடந்தோர் ஆகியோருக்கும் நாங்கள் இவ்வூசியை வலியுறுத்துகிறோம்.

ஊசி போட்ட மறுநாள் கை வலிக்கலாம், இலேசான காய்ச்சலும் உடல்வலியும் ஓரிரு நாள் இருக்கலாம். வாரச் சம்பளக்காரருக்கு ஒரு ஷிப்ட் போவது சிறு இழப்பன்று என்பதை அறிவோம். விடுமுறைக்கு முந்தைய நாளில் வந்து போட்டுக்கொண்டால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

இனி முகக்கவசம். இதனைப் பற்றித் திருப்பூர்ப் பகுதி மக்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியது குறைவு எனத் தோன்றும். 2020-இல் ஆர்டர்கள் நின்றபோது இங்குள்ள பல நிறுவனங்கள் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்தன. கோவையின் சிட்ரா ஆய்வகத்தில் செயற்கை இரத்தத்தைக் கொண்டு அவ்வுடைகளின் துணி சோதிக்கப்பட்டது. ஆயினும் வீட்டில் மிஞ்சிய பனியன் துணிக் கவசத்தை இன்றும் அணிந்து வருவோர் உண்டு. ஜி.எஸ்.எம். கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. பின்னலாடைத் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. மூக்கின்மேல் இழுத்து மாட்டும்போது கண்ணிகள் விரிகின்றன. மருத்துவ முகக்கவசமோ மூன்று அடுக்கு கொண்டது. அதன் நடு அடுக்கு மிக நுண்ணிய இழைகளாலானது, வடிகட்டும் வேலையைச் செய்வது அதுவே. வங்கதேசத்தின் 600 கிராமங்களில் 2020-21-இல் நடந்த ஆய்வில், மருத்துவ முகக்கவசம் வழங்கிய ஊர்களில் அறுபதைக் கடந்தோரிடையே, அறிகுறியுடன் உறுதியான கோவிட் தொற்று ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்தது. துணிக் கவசம் வழங்கிய ஊர்களில் தெளிவான பலன் காணப்படவில்லை. அத்தனை வற்புறுத்தியும் கவசத்தை முறையாக அணிந்தோர் நூற்றுக்கு 42 பேர்தாம் என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

நூற்பாலையிலும் கட்டிங் பிரிவிலும் பணிபுரிவோர் பஞ்சுத் தூசிக்காகக் கைக்குட்டை கட்டுகின்றனர். அதே கைக்குட்டையுடன் இங்கு வந்து, இருமும் நோயாளி அருகில் அமர்வது பயனற்றது. வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறது என்று எவரேனும் சொன்னால் அதனைச் சளி என ஒதுக்க வேண்டா. பஞ்சுத் தூசியால் வரும் 'பிசினோசிஸ்' என்ற நோயின் தொடக்க அடையாளம் அது. அந்நுரையீரலில் ஃப்ளூவும் சேர்ந்தால் மூச்சை மீட்பது கடினம். எங்கள் கவலையெல்லாம் முதலில் இவர்களைப் பற்றியதே. இவர்களுள் ஊசி போட்டவர்களோ மிகச் சிலர்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் எனில், இயன்றவரை இருமுபவரே கவசம் அணியட்டும். மூச்சுத் திணறல் மிகுந்தவரால் அது இயலாதெனில் அவரை வற்புறுத்தாமல், உடனிருந்து கவனிப்பவர் அணிந்துகொள்க. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அணிவிக்கவே கூடாது. மூக்குக் கம்பியை அழுத்திப் பொருத்துங்கள், நனைந்தால் மாற்றுங்கள். என்-95 கவசத்தைத் துவைக்க வேண்டா. அதன் இழைகளில் ஏற்றப்பட்ட மின்னூட்டம் சோப்பு நீரில் அழிந்துவிடும், பார்வைக்கு மட்டும் புதிதாக இருக்கும்.

ஊசிக்கு வரும்போது பழைய ஓ.பி. சீட்டைக் கொண்டு வாருங்கள். முன்பு ஏதேனும் ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொண்டாலும், அன்று கடுங்காய்ச்சல் இருந்தாலும் செவிலியரிடம் முதலிலேயே கூறுங்கள். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் ஆண்டில் மட்டும் நான்கு வார இடைவெளியில் இரு தவணை தேவை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இவ்வூசி இல்லை. அக்குழந்தையைத் தூக்கும் வீட்டார்தாம் போட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்துக் கடையில் தாங்களே வாங்கி வருவதானால் ஒன்றைக் கவனியுங்கள். இம்மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டும். வண்டியின் சீட்டுக்கடியில் வைத்துப் பல்லடத்திலிருந்தோ காங்கேயத்திலிருந்தோ வெயிலில் கொண்டு வந்தால் கெட்டுவிடும். பனிக்கட்டியோடு நேரே ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் அதனைப் போட இயலாது.