நேற்று நடந்ததுபோல் இருக்கிறதா?

ஒரு நாட்டையே உலுக்கிய துயரச் செய்தி வந்தபோது எங்கே இருந்தோம், யார் சொல்லிக் கேட்டோம் என்பதைப் பலரும் நேற்று நடந்ததுபோல் விவரிப்பார்கள். அந்தத் தெளிவையே நினைவு சரியானது என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். அது தவறு என்பதற்கு அமெரிக்காவின் சேலஞ்சர் விபத்தைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. 1986 ஜனவரி 28 அன்று புளோரிடாவிலிருந்து கிளம்பிய அந்த விண்கலம் 73 விநாடிகளில் சிதறியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உட்பட 7 பேர் இறந்தார்கள். மறுநாள் காலையே, அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் உல்ரிக் நைஸரும் நிகோல் ஹார்ஷும் செய்தி எப்படித் தெரியவந்தது என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். சுமார் கால்வாசிப் பேர் சொன்னதில் ஒரு முக்கிய விவரம்கூட முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. ஒரு மாணவி முதலில், மத வகுப்பில் இருந்தபோது உள்ளே வந்த சிலர் பேசிக்கொண்டதைக் கேட்டதாக எழுதியிருந்தார். பின்னாளில், விடுதி அறையில் தோழியுடன் தொலைக்காட்சியில் பார்த்ததாக உறுதியாகச் சொன்னார். தொலைக்காட்சியில்தான் முதலில் அறிந்தோம் என்றவர்கள் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவர். பிறகு கிட்டத்தட்டப் பாதிப் பேர். அந்த வெடிப்புக் காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பானதை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்: பலமுறை பார்த்தது, ஒரே ஒருமுறை கேட்டதை மூடிவிட்டது. சொந்தக் கையெழுத்தைக் காட்டியபோதும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை.

எங்கோ நடந்ததைக் காதால் கேட்ட மாணவர்களை வைத்து எல்லோரையும் எடைபோடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பதிலும் நைஸரிடமே இருக்கிறது. 1989-இல் கலிபோர்னியாவைக் குலுக்கிய லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தை நேரில் அனுபவித்தவர்கள், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகும் ஏறக்குறையப் பிசகில்லாமல் சொன்னார்கள். அட்லாண்டாவில் செய்தியாகக் கேட்டவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். ஆக, பட்டவர் நினைவையும் கேட்டவர் நினைவையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அதிர்ச்சி பெரிதாக இருந்தால் கேள்விப்பட்டதும் அழியாமல் பதியும் என்ற வாதமும் நிற்கவில்லை. 2001 செப்டம்பர் 12 அன்று டியூக் பல்கலைக்கழக மாணவர்களிடம் முந்தைய நாள் அமெரிக்காவில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல் பற்றிய நினைவையும், அந்த வாரத்து அன்றாட நிகழ்ச்சி ஒன்றின் நினைவையும் பதிவு செய்து பின்னர் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே வேகத்தில்தான் தேய்ந்திருந்தன. தாக்குதல் நினைவின் மீதிருந்த நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

இப்படிச் சோதிப்பது துயரப்பட்டவர்களை அவமதிப்பதாகாதா? ஆகாது. மாற்றிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை; அவர் பட்ட துக்கமும் மெய்தான். ஆனால் உண்மையென நம்பிச் சொல்லப்படும் இந்த நினைவுகள்தாம் விசாரணைக் குழுவுக்கும் வரலாற்று நூலுக்கும் சாட்சியங்களாகப் போகின்றன. அங்கே பிசகினால், பாதிக்கப்பட்டவரின் சரியான வாக்குமூலமும் சேர்ந்தே சந்தேகத்துக்கு ஆளாகும். அதனால் வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்கள் ஆண்டு நிறைவுக்குக் காத்திராமல் முதல் வாரத்திலேயே எழுதி வாங்க வேண்டும்; கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, பின்னால் திரையில் பார்த்தது எது என்று தனித்தனியாகக் கேட்டுப் பதிய வேண்டும்.