இருட்டில் கண் மின்னாத மிருகம்

ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மல்லாட்டை (நிலக்கடலை) முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கி, ஒரே இராத்திரியில் அரைக் காணியைக் கிளறிவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த பட்டத்துக்கு மல்லாட்டையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாராம். டி.எம்.வி. மல்லாட்டை ரகங்களை நாட்டுக்கே கொடுத்த திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி இப்படி முடிவெடுப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வெளிநாட்டுப் பண்ணைக்காரர்கள் இரவில் ரைபிளோடு காவல் இருக்கும் காணொலிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் ஆட்டுக்குட்டி தூக்கும் செந்நரியைச் சுடுகிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் பன்றியையே சுடுகிறார்கள். குறி தப்பாதபடி ரைபிளை எப்படித் தயார் செய்கிறார்கள், அதை நம் கொல்லைக்கும் கொண்டுவர முடியுமா என்பது அவர் கேள்வி. பன்றி என்னென்ன செய்யும் என்பதை மல்லாட்டையும் கரும்பும் மரவள்ளியும் போட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராகத் துப்பாக்கிக்கே வருகிறேன்.

ரைபிள் குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் இருக்கும். வெடிமருந்தின் அழுத்தத்தில் குண்டு அந்தப் பள்ளங்களில் பிதுங்கிப் பிடித்துக்கொண்டு, சுழன்றபடியே வெளியேறும். பாயிண்ட் டூ டூ ரைபிள்களில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கமான அளவு. குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு 800 சுற்று வருகிறது. அவ்வளவு வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சை லேசில் விட்டுக்கொடுக்காது. அதனால்தான் குண்டு குட்டிக்கரணம் போடாமல் மூக்கை முன்னால் வைத்துக்கொண்டே போகிறது.

நேராகப் போகிறது என்றாலும் விழாமல் போவதில்லை. அதே குண்டு 100 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை அரை மீட்டர் கீழே இழுத்துவிடும். ஆகவே கண் பார்க்கும் கோட்டுக்குக் குழலைத் துளி மேல்நோக்கிச் சாய்த்து, குறிப்பிட்ட ஒரு தூரத்தில் குண்டின் பாதையும் பார்வைக் கோடும் சந்திக்கும்படி, குறிபார்க்கும் கருவியின் திருகை நகர்த்தி வைக்கிறார்கள். இதைத்தான் ஜீரோ செய்வது என்கிறார்கள். 50 மீட்டருக்கு ஜீரோ செய்த ரைபிளை 100 மீட்டரில் அப்படியே நம்பினால் குண்டு குறிக்குக் கீழேதான் போகும்.

கல்லூரி என்.சி.சி.யில் எங்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த ஹவில்தார், அட்டையின் நடுப்புள்ளியைப் பார்க்கவே மாட்டார். ஐந்து ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்றுதான் பார்ப்பார். நடுவில் ஒன்றும் ஓரத்தில் நான்குமாகச் சுட்டவனைக் கண்டுகொள்ள மாட்டார். ஏதோ ஒரு மூலையில் ஐந்தையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கியவனைத்தான் முதுகில் தட்டிக்கொடுப்பார். குரூப்பிங் என்று அதற்குப் பெயர். நெருக்கமாக விழுந்த ஐந்தையும் திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறி விழுந்ததற்குத் திருகில் மருந்து கிடையாது. சுடுபவரின் மூச்சிலோ, விசை இழுக்கும் விரலிலோ, துப்பாக்கியின் கட்டையிலோதான் கோளாறு இருக்கும்.

அந்தக் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுடும்போது குழல் அதிர்கிறது. பூசை மணியை அடித்துவிட்டு ஓரத்தை விரலால் தொட்டால் ஓசை மாறிவிடும் அல்லவா, குழலுக்கும் அதே கதைதான். எந்தப் பக்கமும் உரசாமல் விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிரும், குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். மரக்கட்டை ஒரு பக்கம் தொட்டால் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்து மரம் உப்பிவிடுகிறது. சித்திரையில் ஜீரோ செய்த ரைபிள் கார்த்திகையில் குறி மாறுவதற்கு இது போதும். தெரிந்தவர்கள் ஒரு காகிதத் துண்டை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு, முனையிலிருந்து அடிவரை இழுத்துப் பார்ப்பார்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே மரத்தை இழைப்பார்கள். எந்தக் கடையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இந்தக் காகிதச் சோதனை அதற்கு உண்டு.

இத்தனை நுணுக்கம் உள்ள கருவி நம் விவசாயி கைக்கு எளிதில் வராது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்த வெள்ளைக்கார அரசு, இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கட்டாயம் என்றது. விடுதலைக்குப் பின் வந்த 1959 சட்டத்தின் 13ஆவது பிரிவு பயிர்க்காவலுக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது குழல் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிதான். ரைபிள் வேண்டுமென்றால் தக்க காரணம் காட்டித் தனியாக உரிமம் கேட்க வேண்டும். மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியின் குழலில் பொதுவாக வரிப்பள்ளம் இருக்காது. உள்ளே தளர்வாகக் கிடக்கும் குண்டு சுவரில் மோதி மோதி, கடைசியாக மோதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கிளம்பிப் போகும். ரவை போட்டால் பரவிவிடும். இரவில் அடுத்தவர் நிலங்களுக்கு நடுவே சுட வேண்டிய வேலைக்கு, குறி நிற்காத துப்பாக்கியைச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இதை யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

நரிக்குறவர்கள் தலைமுறை தலைமுறையாக இதே துப்பாக்கியைத்தான் வைத்திருந்தார்கள். கருவியின் குறையைக் காலால் ஈடுகட்டினார்கள். காற்றின் திசை பார்த்து, தடம் பார்த்து, தப்ப முடியாத தூரம்வரை நெருங்கிப் போகும் பொறுமை அவர்களுடைய கல்வி. 2023இல்தான் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் அந்தக் கல்வியில் பெரும்பகுதி ஊசிமணி பாசிமணி விற்கும் பேருந்து நிலையங்களில் கரைந்துபோய்விட்டது.

வாசகர் தன் தாத்தாவின் துப்பாக்கி ஒன்று பரணில் கிடப்பதாகவும் எழுதியிருக்கிறார். உரிமம் காலாவதியான துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதுதான் சட்டம். தாமதிக்க வேண்டாம், தம்பி. கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுத்து, குழலை உள்ளிருந்தே அரித்திருக்கும். அதில் மருந்து கெட்டித்து முகத்தருகே வைத்துச் சுடுவது உயிருக்கே ஆபத்து.

இனி, இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய விஷயம். இரவில் டார்ச் அடித்தால் மாட்டின் கண் மின்னும், ஆட்டின் கண் மின்னும், நாய், பூனை, நரி எல்லாவற்றின் கண்ணும் மின்னும். விழித்திரைக்குப் பின்னால் அவற்றுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த வெளிச்சம் விழித்திரையை இரண்டாவது முறை கடப்பதால் அரையிருட்டிலும் அவற்றுக்குப் பார்வை துலங்குகிறது. வெளியே தப்பி வரும் மிச்ச ஒளியைத்தான் நாம் மினுக்கமாகக் காண்கிறோம். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. நாட்டுப்பன்றிக்கும் இல்லை, காட்டுப்பன்றிக்கும் இல்லை. அதன் வாழ்க்கை மூக்கிலும் காதிலும் நடக்கிறது. மண்ணுக்கடியில் இருக்கும் மல்லாட்டைக் காயை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடும் மிருகத்துக்கு இருட்டு ஒரு தடையே அல்ல.

மனிதனுக்கும் அந்தப் படலம் இல்லை.

இதன் பொருளைக் கொல்லையில் நின்று யோசித்துப் பாருங்கள். நள்ளிரவில் டார்ச் அடிக்கிறோம். முப்பது நாற்பது மீட்டரில் இடுப்புயரத்துக்கும் குறைவாக ஒரு கறுத்த உருவம் குனிந்து அசைகிறது. கண் மின்னவில்லை. அது பன்றியாக இருக்கலாம், குந்தியிருக்கும் மனிதராகவும் இருக்கலாம். வேறு எந்தக் கால்நடையாக இருந்திருந்தாலும் கண் காட்டிக்கொடுத்திருக்கும். பன்றியும் மனிதரும் மட்டும் இந்தச் சோதனையில் ஒன்றாகிவிடுகிறார்கள். மிருகம் என்று நினைத்து மனிதரைச் சுட்டுவிட்ட செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். போதையையும் அவசரத்தையும் காரணம் சொல்கிறோம். கண்ணின் இந்த அமைப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் சில விரல்களாவது விசையிலிருந்து விலகியிருக்கும்.

நம் வயல்வெளியில் இரவில் ஆள் இல்லாமல் இருப்பதும் இல்லை. மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் போட ஆள் போகிறார். மடை திருப்ப ஒருவர் மண்வெட்டியோடு குனிந்து நிற்கிறார். மழை விட்ட இரவில் இருளர் குடும்பங்கள் ஈசல் பிடிக்க வருகின்றன. ஆஸ்திரேலியப் பண்ணையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே முதலாளியின் நிலம். மயிலத்திலும் வானூரிலும் ஐம்பது சென்டுக்கு ஒரு வரப்பு. காணொலி இந்த வித்தியாசத்தைக் காட்டாது. வெப்பத்தைப் படம்பிடிக்கும் தெர்மல் கருவி மாட்டினால் உருவம் பளிச்சென்று தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உருவத்துக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே தூங்குகிறவரை அது காட்டாது, கண்ணாடியை அந்த வெப்பக்கதிர் ஊடுருவுவதில்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழிமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர்வரை பன்றியைக் கொல்லக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர்வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கேரளம் 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற சுடுநர்களைக் கொண்டு செய்கிறது. நம் ஏற்பாட்டில் எனக்கு ஒரு கவலை உண்டு. காட்டிலிருந்து விலக விலக ஊர் நெருக்கம்தானே கூடும்? சுட அனுமதி உள்ள இடம்தான் மனித நடமாட்டம் மிகுந்த இடம். பெரிய ரைபிளின் குண்டு குறி தப்பினால் 3 கிலோமீட்டரையும் தாண்டும். ஆனாலும் வனத்துறை வருவதற்குள் பொறுமை இழந்து வேலிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவதையும், அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியை வைப்பதையும்விட இந்த வழி எவ்வளவோ மேல். மின்வேலிக்குப் பன்றி, பசு, பக்கத்துக் கொல்லைக்காரர் மகன் என்ற பேதம் கிடையாது. வருஷா வருஷம் நம் மாவட்டத்துச் செய்தியில் அதைப் படித்தும் கம்பி கட்டுகிறோமே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே ரைபிள் வனத்துறையின் கையில்தான் வரும். அது வரும்போது வாசகர் கேட்க வேண்டியது கொல்லையில் ஒரு காவல் பரண். பன்றியின் மார்பு தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்றும், தூரம் 40 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். தரையில் உட்கார்ந்து முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து சுட்டுக் குறி தப்பினால், குண்டு பன்றியைத் தாண்டி இன்னும் 80 மீட்டர் போய்த்தான் மண்ணைத் தொடும். நின்றுகொண்டு ஒன்றரை மீட்டரிலிருந்து சுட்டால் 20 மீட்டர். பரண்மேல் நாலரை மீட்டரிலிருந்து சுட்டால் 5 மீட்டரில் மண்ணுக்குள் போய்விடும். குறி எவ்வளவு கூர்மை என்பதைவிட இந்த 5 மீட்டர் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வானூர் பக்கத்துச் செம்மண் கொல்லையில், அதுவும் உழுத நிலத்தில், குண்டு அப்படியே புதைந்துவிடும். செஞ்சிப் பக்கம் கதை வேறு. அங்கே கொல்லைக்கு நடுவிலேயே கருங்கற்பாறை துருத்திக்கொண்டிருக்கும், சாய்வாகப் பட்ட குண்டு தெறித்து எந்தத் திசைக்கும் போகும். அதனால் பரணை எந்த மூலையில் கட்டுவது, எந்தப் பக்கம் சுடவே கூடாது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். வனச்சரக அலுவலகத்துக்கு மனு எழுதும்போது கொல்லையின் வரைபடம் ஒன்றைச் சேர்த்துவையுங்கள். மோட்டார் கொட்டகை, வண்டிப்பாதை, பக்கத்து வீடுகள், பாறை, இரவில் ஆட்கள் தண்ணீர் பாய்ச்சும் கிழமைகள் எல்லாம் அதில் இருக்கட்டும். சுட வருகிறவருக்கு உங்கள் நிலம் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.