நடையும் நாடியும்: மணிக்கட்டுப் பட்டி பற்றிய ஓர் ஆய்வு

மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பது தமிழ் மருத்துவத்தில் பன்னெடுங்காலமாக நிலவிவரும் முறையாகும். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றன் நிலையையும் நாடியின் நடையால் மருத்துவர் உணர்ந்தனர். இன்று அதே மணிக்கட்டில் ஒரு சிறு பட்டி அமர்ந்து, நாடித்துடிப்பையும் நடந்த அடிகளையும் எண்ணிக் கூறுகின்றது. ‘ஸ்மார்ட் பாண்ட்’ என வணிகர் வழங்கும் இக்கருவி முன்னர் வசதி படைத்தோர்க்கே உரியதாயிருந்தது. சீன நாட்டு ஷாவ்மி நிறுவனம் 2014ஆம் ஆண்டில் 79 யுவான் விலைக்கு ஒரு பட்டியை வெளியிட்டதன் பின்னர் எளியோர் கைக்கும் அஃது எட்டலாயிற்று. இத்தகைய மலிவான பட்டியின் சொல்லை எம்மட்டில் நம்பலாம், எவ்விடத்தில் நம்பலாகாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நாடளாவிய ஆய்வொன்று, வளர்ந்தோர் ஐவருள் ஒருவர் நீரிழிவுடனோ அதற்கு முந்திய நிலையிலோ உள்ளார் எனக் கண்டது. அந்நோயைத் தடுப்பதற்கும் தணிப்பதற்கும் மருத்துவர் முதலிற் கூறும் அறிவுரைகளுள் நடையும் ஒன்று. ஆகவே நடையை அளப்பதாகக் கூறும் கருவி எதுவாயினும், அதன் தகுதியை அறிதல் நம்மனோர்க்கு இன்றியமையாததாகும்.

பட்டியின் உள்ளே இருப்பவை இரண்டு உறுப்புகள். முதலாவது ஆர்முடுகன்மானி. கை முன்னும் பின்னும் வீசப்படும்போது எழும் வேகமாற்றத்தை அஃது உணர்கின்றது. அம்மாற்றம் ஒழுங்காக மீள மீள நிகழுமாயின், அதனை அடியெனக் கணக்கிடுகின்றது. ஆதலின் அது நேராக எண்ணுவது காலின் அடியை அன்று; கையின் அசைவையே ஆகும். இவ்வுண்மையை உணர்ந்தால் அதன் குறைகள் தாமே விளங்கும். கிடுகு பின்னுவோரும் தேங்காய் திருவுவோரும் இருந்த இடத்திலிருந்தே பல அடிகள் ‘நடந்து’ விடுதல் கூடும். மறுபுறம், இரு கைகளாலும் துவிச்சக்கரவண்டியைப் பிடித்து மீன்பெட்டியுடன் தள்ளிச் செல்பவர் மெய்யாகவே நடந்த அடிகள் பல எண்ணப்படாது போகலாம். கை வீசாது குடை பிடித்து நடப்பார்க்கும் இதுவே நிலை.

அவ்வாறாயின் அடியெண்ணிக்கை பயனற்றதோ எனின், அன்று. எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் தராசு, பொருளின் உண்மை நிறையைக் கூறாவிடினும், நேற்று நிறுத்த பொருளுக்கும் இன்று நிறுத்த பொருளுக்கும் உள்ள வேற்றுமையைச் சரியாகக் காட்டும். பட்டியும் அத்தகையதே. ஒருவர் தம் நாளாந்த வேலைகளில் பெரும் மாற்றமின்றி அதனை அணிந்துவரின், சென்ற வாரத்தினும் இவ்வாரம் நடந்தது மிகுதியோ குறைவோ என்பதை அறியலாம். பிறர் கையிலுள்ள எண்ணோடு தம் எண்ணை ஒப்பிடுதலே பிழையாகும்.

கருவியின் வழுவைத் தாமே அறிந்துகொள்ளவும் வழியுண்டு. பேலியகொடையிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் ஏ3 பெருந்தெரு சிலாபம் வழியே செல்கின்றது. அத்தகைய தெருவில் ஒரு கிலோமீற்றர்க் கல்லிலிருந்து அடுத்த கல்வரை, அடிகளை வாய்விட்டு எண்ணியவாறு நடக்க வேண்டும். ஓரடியின் நீளம் 70 சதமீற்றர் உடையார்க்கு ஏறக்குறைய 1,430 அடிகள் வரும். தாம் எண்ணியதையும் பட்டி காட்டுவதையும் ஒப்புநோக்கி, இவ்வாறு மும்முறை செய்தால் வழுவின் அளவு தெளிவாகும். மும்முறையும் வழு ஏறத்தாழ ஒரே அளவினதாயின் அப்பட்டி பயன்படத்தக்கது. முறைக்கு முறை பெரிதும் மாறுமாயின், எத்துணை அழகியதாயினும் வாங்கத்தக்கதன்று.

நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடத்தல் வேண்டும் எனப் பல பட்டிகள் வற்புறுத்தும். இவ்வெண் மருத்துவ ஆய்வொன்றின் முடிவாகப் பிறந்ததன்று. 1964ஆம் ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளை அடுத்து, 1965இல் யப்பானிய நிறுவனமொன்று ‘பத்தாயிரம் அடிமானி’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு கருவியை விற்றது. அப்பெயரே பின்னர் உலகெங்கும் இலக்காயிற்று. 2019இல் ஐ-மின் லீயும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, சராசரி 72 வயதுடைய 16,741 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்தது. நாளுக்கு ஏறக்குறைய 2,700 அடிகள் நடந்தோரைவிட 4,400 அடிகள் நடந்தோரிடை இறப்பு குறைவாயிருந்தது. ஏறக்குறைய 7,500 அடிகளுக்கு மேல் அக்குறைவு மேலும் பெருகவில்லை. சிலாபம் நகரிலிருந்து முன்னேசுவரம் கோயில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர்த் தொலைவில் உள்ளது. அங்கு நடந்து சென்று நடந்தே மீள்பவர், மேற்கூறிய அடிநீளத்தின்படி 8,500 அடிகளுக்கு மேல் நடந்தவராவர். எனவே முதியோர் 10,000 என்னும் எண்ணை எட்டாமைக்கு வருந்த வேண்டுவதில்லை.

இரண்டாவது உறுப்பு, பட்டியின் அடியில் மின்னும் பச்சை விளக்கும் அதன் அருகிலுள்ள ஒளியுணர் கருவியுமாகும். குருதி பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்பினது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலின்கீழ்க் குருதி மிகுந்து குறைவதால், திரும்பிவரும் ஒளியும் குறைந்து மிகுகின்றது; அதனை எண்ணி நாடித்துடிப்பைப் பட்டி கணிக்கின்றது. அமைதியாக அமர்ந்திருக்கும்போது இக்கணிப்பு பெரும்பாலும் நன்றாக அமையும். கை அசையும்போதும், பட்டி தளர்ந்திருக்கும்போதும் பிழை மிகும். விரல்களால் நாடியை முப்பது செக்கன்கள் எண்ணி இரண்டாற் பெருக்கின், பட்டியின் உண்மை எளிதிற் புலப்படும்.

செலவான கலோரியைக் கூறும் எண்ணோ பெரிதும் ஐயத்திற்குரியது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு கருவிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஆறு, நாடித்துடிப்பை ஐந்து வீதத்திற்குட்பட்ட வழுவுடன் காட்டின. கலோரியளவிலோ மிகச் சிறந்த கருவியும் 27 வீதம் பிழைத்தது. மிகத் தாழ்ந்தது 93 வீதம் பிழைத்தது. பட்டி கூறும் கலோரியை நம்பி ஒரு பிடி சோறு கூட்டி உண்பவர் ஏமாறுவர்.

எனினும் பெருங்கேடு விளைப்பது வேறொன்று. குருதியிலுள்ள வெல்லத்தின் அளவையும் குருதியமுக்கத்தையும் காட்டுவதாகச் சில மலிவான பட்டிகள் விற்கப்படுகின்றன. தோலைத் துளைக்காது வெல்லத்தைத் தானே அளக்கும் கடிகாரம் எதற்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. பொய்யாக உயர்ந்த எண்ணைக் கண்டு இன்சுலினை மிகுதியாக ஏற்றுபவர் மயங்கி வீழ்ந்து உயிரிழக்கவும் நேரலாம். பொய்யாகத் தாழ்ந்த எண்ணைக் கண்டு மருந்தை நிறுத்துபவர் நாளடைவில் கண்ணையும் சிறுநீரகத்தையும் இழக்க நேரலாம். குருதியமுக்கத்தை மேற்கையில் காற்றுப்பட்டி கட்டி அளத்தலே முறை. காற்றுப்பை இல்லாத மலிவான பட்டி அதனை ஒளியின் மாற்றத்தைக் கொண்டு ஊகிக்கின்றதேயன்றி அளப்பதில்லை.

கரையோர வாழ்வார் கருதவேண்டிய வேறு சிலவும் உள. ஐம்பது மீற்றர் என்னும் நீர்க்காப்புக் குறிப்பு அசையா நீரின் அமுக்கத்தைக் குறிப்பது. உப்புநீரையும் சவர்க்காரத்தையும் என்றென்றும் தாங்கும் என்னும் உறுதியன்று. கடல்நீர் பட்டால் நன்னீரில் அலசித் துடைத்தல் வேண்டும். வியர்வை தேங்கின் தோலில் அரிப்பு உண்டாகலாம். ஆதலின் இரவிலேனும் சிறிது நேரம் கழற்றி வைத்தல் நன்று.

தொகுத்து நோக்குமிடத்து, மலிவான மணிக்கட்டுப் பட்டி நடப்பாரை நினைவூட்டி ஊக்கும் தோழனாக அமையத்தக்கது; மருத்துவனாக அமையத்தக்கதன்று. அடியையும், அமர்ந்திருக்கும் வேளையின் நாடித்துடிப்பையும் அதனிடம் கேட்கலாம். வெல்லத்தையும் அமுக்கத்தையும் வைத்தியசாலையிலேயே கேட்டறிதல் வேண்டும். இவ்வெல்லையை இல்லத்து முதியோர்க்கு எடுத்துரைத்தல் கற்ற இளைஞரின் கடனாகும்.